கறுப்பு டேப் ஒட்டிய பெட்டி

4

“தீர்ப்பு நான் எழுதியாச்சு. சாட்சிதான் பாக்கி. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்” என்றார் பெரியவர்.

உட்காரச் சொல்லவில்லை. ஹால் நிறைய நாற்காலிகள் கிடந்தன. அவற்றில் ஒன்றில் அவர் மட்டும், முதுகைச் சாய்ப்பது கௌரவக் குறைச்சல் என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கீழ்த்தளத்தில் அவருடைய கண்ணாடிக்கடை. அந்த வட்டாரத்தில் மூக்குக்கண்ணாடி போட்டவர்களில் பாதிப் பேருக்குப் பார்வை அளந்து கொடுத்த கை அவருடையது. மாடியில் வீடு. மாடிப்படி வாசலில் நீலநிறச் சூட்கேஸ் ஒன்று பூட்டித் தயாராக நின்றது. அது அவருடைய மருமகளுடையது.

அண்ணி அந்தச் சூட்கேஸை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சாட்சி தீர்ப்புக்கு முன்னாடி வரணும் ஐயா. பின்னாடி வந்தா அதுக்குப் பேரு வேற.”

துப்பறியும் தொழிலில் அண்ணி சம்பாதித்திருந்த பெயரில் பாதி மூளையால் வந்தது. மீதி நாக்கால் வந்தது. உதவியாளன் சின்னவனுக்கு அவர் அண்ணன் மனைவி, முதலாளி இரண்டுமாக இருந்தார். திட்டும்போது அண்ணி, சம்பளத்தைப் பிடிக்கும்போது முதலாளி. எது எப்போது என்று கண்டுபிடிப்பதுதான் சின்னவன் செய்த துப்பறியும் வேலைகளிலேயே கடினமானது.

“வந்ததும் வராததுமா எனக்குப் பாடம் எடுக்காதீங்க” என்றார் பெரியவர். “விஷயத்தக் கேளுங்க.”

விஷயம் இதுதான். கடைகளைப் பற்றி ஊரார் எழுதும் ஓர் இணையப் பக்கத்தில், முகமில்லாத யாரோ ஒருவர் அவரைப் பற்றி எழுதியிருந்தார். கண்ணாடிக்கடைக் கிழவருக்கு வலது கண்ணில் புரை. எதிரில் நிற்பது ஆளா தூணா என்று அவருக்கே தெரியாது. அவர் நமக்குக் கண் பார்க்கிறார். இப்படி ஒன்றல்ல, ஒன்றன்பின் ஒன்றாக. கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் அவர் கண்ணையே உற்றுப் பார்த்தார்கள். பெரியவர் போலீசில் புகார் கொடுத்தார். விசாரித்த அதிகாரி ஒருநாள் கடைப்படியில் நின்று தணிந்த குரலில் சொன்னார்: அத்தனையும் உங்கள் வீட்டு இணைய இணைப்பிலிருந்துதான் போயிருக்கிறது.

பெரியவர் அன்றைக்கே புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். குடும்பத்துக்குள் இருக்கும் அழுக்கை ஊர் ஆற்றில் துவைக்க அவர் தயாராக இல்லை.

“உங்களுக்கு வலது கண்ணுல புரை இருக்கா?” என்று கேட்டார் அண்ணி.

“அது உங்களுக்கு வேண்டாத விஷயம்.”

“இருக்குன்னு எழுதிக்கிறேன். யாருக்கெல்லாம் தெரியும்?”

பெரியவரின் தாடை இறுகியது. “என் கண்ணுல விளக்கடிச்சுப் பாத்தது என் மருமக ஒருத்திதான். கண் பரிசோதனை படிச்சவ. என் நாற்காலில உக்காரணும்னு அவளுக்கு அவசரம். நேத்து வாசல்ல நிக்க வெச்சு நாலு பேர் கேக்கவே கேட்டுட்டேன். இன்னிக்கு சாயங்காலம் அவளப் பெத்தவங்க வராங்க. ஆதாரத்தோட ஒப்படைச்சுடுவேன்.”

ஜன்னலோரம் அவருடைய மகன் நின்றிருந்தான். அந்த மருமகளின் கணவன். ஏதோ பரீட்சைக்குப் போகிறவன்போலத் தன் விரல் நகங்களைப் படித்துக்கொண்டிருந்தான்.

சின்னவன் தன் போனை எடுத்துப் பார்த்தான்; தட்டினான்; தூக்கிப் பிடித்தான். “அண்ணி, இந்த ஹாலுக்குள்ள வந்ததுலேருந்து என் போனுக்கு மூச்சே இல்ல.”

“இங்க எந்த டவரும் எடுக்காது” என்றார் பெரியவர். “எங்கப்பா கட்டின சுவர். பேசணும்னா பால்கனிக்குப் போகணும். இல்லன்னா என் ரவுட்டர். அது கண்டவனுக்கும் கெடையாது.”

“கண்டவன்னு சொன்னது உன்னத்தான்” என்றார் அண்ணி சின்னவனிடம். “வா, அந்த ரவுட்டரப் பாக்கலாம்.”

நடையில், வார்னிஷ் பூசிய தனிப் பலகையில், தூசி துடைக்கப்பட்டு வீற்றிருந்தது பெரியவரின் ரவுட்டர். அதன் கொம்புகள் ஒரே உயரத்தில் நிமிர்ந்திருந்தன. அதற்கு நேர் கீழே, செருப்பு அலமாரியின் அடித்தட்டில், ஒரு கிழிந்த ஷூவுக்குப் பக்கத்தில் பிராட்பேண்ட் கம்பெனி கொடுத்த பெட்டி கிடந்தது. அதன் விளக்குகள் ஒவ்வொன்றின்மேலும் கறுப்பு டேப் துண்டு ஒட்டியிருந்தது.

“பாவம், கண்ணக் கட்டிக் கடத்திக்கிட்டு வந்த மாதிரி இருக்கு” என்றான் சின்னவன்.

“அந்த சனியன வேற வழியில்லாம வெச்சிருக்கேன்” என்றார் பெரியவர். “தெருவுலேருந்து வர்ற வயர அதுலதான் சொருகணும்கறான் கம்பெனிக்காரன். எவனோ குடுத்த பொட்டி, எவன் பேச்சையோ கேக்கற பொட்டி, என் வீட்டுக்குள்ள உக்காந்து கண்ணச் சிமிட்டுது. நான் நம்புவேனா? அதோட வைஃபைய என் கையாலயே அணைச்சேன். வீட்டுல இருந்த எல்லாரோட போனையும் வாங்கி அது பேரையே அழிச்சேன். விளக்கு மேல டேப் ஒட்டினேன். இப்ப அது வெறும் குழாய். தண்ணி வர்ற மாதிரி நெட்டு வரும், மேல என் ரவுட்டருக்குப் போகும். அவ்வளவுதான்.”

“மேல இருக்கறதோட பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?”

“எனக்கு. யாருக்கு வேணும்னாலும் போன எங்கிட்ட குடுக்கணும். ஒரு கையால மறைச்சுக்கிட்டு நானே அடிச்சுக் குடுப்பேன். என் மகனுக்கே தெரியாது.”

மகன் இன்னொரு நகத்துக்குப் போனான்.

“யார் எந்தப் பக்கத்துக்குப் போனாங்கன்னு உங்க ரவுட்டர் சொல்லுமா?”

“எல்லாம் சொல்லும். அதுக்குத்தான வாங்கினது.”

“உங்கள ஏசி எழுதின பக்கத்துக்கு யாராவது போனதா சொல்லிச்சா?”

“இல்ல. அவ அழிச்சிருப்பா.”

“உள்ள போய் அழிக்க முடியுமா?”

“எப்படி முடியும்? என்னத் தவிர ஒரு ஈ காக்கா உள்ள நுழைய முடியாது.”

கர்வமாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே கேட்டது. அண்ணி அவசரப்படவில்லை. ஷூ அலமாரியையே பார்த்தபடி, “அப்ப நீங்கதான் அழிச்சிருக்கணும் ஐயா” என்றார்.

பெரியவரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்தச் சமயத்தில் உள்ளறையிலிருந்து மருமகள் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன, குரல் தெளிவாக இருந்தது.

“என்ன ஏதாவது கேக்கணுமா?” என்று அண்ணியிடம் கேட்டாள். “கேக்கறதுன்னா கேளுங்க. ஏற்கெனவே பதிலும் எழுதி வெச்சிருந்தா எனக்குப் பொட்டி கட்டற வேலை இருக்கு.”

“கட்டி முடிச்சுட்டீங்க போலிருக்கே.”

“அது துணி. புத்தகம் பாக்கி.”

“இந்த வீட்டுக்கு நீங்க வந்தப்ப எந்த ரவுட்டர் இருந்தது?”

“மேல இருக்கறதுதான். வந்த மொத நாளே மாமா என் போன வாங்கி அடிச்சுக் குடுத்தார். கீழ இருக்கறது வேலை செய்யற பொருள்னே எனக்குத் தெரியாது. ஷூ பாலிஷ் டப்பான்னு நெனச்சேன்.”

“நடிப்பு” என்றார் பெரியவர்.

மருமகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “பாத்தீங்களா, பதில் எழுதியாச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியவரின் முகம் கொஞ்சம் இளகியது. வந்தது அவருடைய மூத்த மகள். கல்யாணமாகி அடுத்த தெருவில் குடியிருப்பவள். மாலையானால் பிறந்த வீட்டுக்கு வந்து உட்காராவிட்டால் அவளுக்குப் பொழுது நகராது. வாசலில் நின்ற சூட்கேஸைச் சுற்றிக்கொண்டு வந்து சோபாவில் சாய்ந்தாள். அண்ணியை மேலும் கீழும் பார்த்தாள்.

“இவங்கதான் துப்பறியற அம்மாவா? ஒரு கண்டுபிடிச்ச விஷயத்தக் கண்டுபிடிக்க இத்தன பேரா?”

“என் பொண்ணு” என்றார் பெரியவர். அந்த இரண்டு வார்த்தைக்கு அவர் முதுகு இன்னும் நிமிர்ந்தது. “ரோஷக்காரி. மருமக வந்தப்புறம் ஒருநாள், உன் போனையும் குடும்மா, ரவுட்டர் பாஸ்வேர்டு போட்டுத் தரேன்னேன். மருமக போனுக்கு மொதல்ல போட்டுட்டேன்னு ஒரு கோவம். இன்னிக்கு வரைக்கும் அத இவ தொட்டதில்ல.”

“பொறந்த வீட்டுல க்யூவுல நின்னு டோக்கன் வாங்கற பழக்கம் எனக்கில்ல” என்றாள் மகள். “என் போன், என் நெட்டு. யார் தயவும் வேணாம்.”

“இந்த ரத்தம் அப்படியே எங்கப்பா ரத்தம்” என்றார் பெரியவர் பெருமையாக. பிடிவாதத்தைத்தான் அப்படிச் சொன்னார் என்று சின்னவன் புரிந்துகொண்டான்.

மகளின் கைப்பையில் போன் ஒருமுறை சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். யாரோ அனுப்பிய வீடியோவாக இருக்க வேண்டும்; ஒரு குழந்தை சிரிக்கும் சத்தம் வந்தது. அவளும் லேசாகச் சிரித்தாள்.

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்தார். “ஐயா, கீழ இருக்கற பெட்டில அந்த டேப்ப எடுத்துப் பாக்கலாமா?”

“தொடக் கூடாது. என் வீட்டுல எதையும் அசைக்க விட மாட்டேன். அதுல பாக்க ஒண்ணுமில்ல. எல்லா விளக்கும் செத்துக் கெடக்கு.”

“சரி, வேணாம். எல்லாரோட போன் நம்பரையும் மட்டும் இவன்கிட்ட குடுங்க.” அண்ணி வாசலுக்கு நடந்தார். “சின்னவனே, எழுதிக்கிட்டு வந்து வண்டிய எடு.”

பிராட்பேண்ட் கம்பெனியின் கவுன்ட்டரில் கழுத்துப்பட்டை மாட்டிய ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். அண்ணி ‘சொந்த ரவுட்டர்’ என்று வாயெடுத்ததுமே அவன் கையை உயர்த்திவிட்டான்.

“சொந்த ரவுட்டர் போட்டிருந்தா எங்க பொறுப்பு இல்ல மேடம்.”

“நான் இன்னும் ஒண்ணும் கேக்கலயே.”

“எது கேட்டாலும் பொறுப்பு இல்ல. ஸ்பீடு வரலன்னா உங்க ரவுட்டர். கட்டாச்சுன்னா உங்க ரவுட்டர். எங்க பெட்டிய மட்டும் வெச்சுக்கங்கன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறீங்க. வெளில வாங்கி வந்து மாட்டிட்டு எங்ககிட்ட வந்து நிக்கறீங்க.”

“மழை பெய்யலன்னாலும் எங்க ரவுட்டர்தான் காரணமா இருக்கும் அண்ணி” என்றான் சின்னவன்.

அவன் சின்னவனை முறைத்தான். “அடுத்தவங்க வாங்க” என்றான். பின்னால் வரிசை நகர முயன்றது. அண்ணி நகரவில்லை. குரலைச் சற்று உயர்த்தி, வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்.

“குத்தம் சொந்த ரவுட்டர் மேல இல்லப்பா. நீங்க குடுத்த பெட்டிதான் செத்துப் போச்சு. ஷூ அலமாரில பொணமா கெடக்கு. அத எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொல்ல வந்தேன்.”

கம்பெனியைச் சொன்னால் தாங்கிக்கொள்வான்; பெட்டியைச் சொன்னால் தாங்க மாட்டான் என்று அண்ணி எப்படிக் கண்டுகொண்டாரோ. அவன் முகம் சுருங்கியது. “நம்பர் சொல்லுங்க” என்றான். தட்டினான். திரையைப் பார்த்துவிட்டு வெற்றியோடு நிமிர்ந்தான்.

“பொணமா? நல்லா உயிரோட இருக்கு மேடம். எங்க பெட்டி எதுவும் சாகாது. எல்லாத்தையும் இங்கேருந்தே புதுப்பிச்சுட்டோம்.”

“புதுப்பிச்சீங்கன்னா?”

“கஸ்டமர் கைய வெச்சு எதக் கெடுத்து வெச்சிருந்தாலும், புதுசா வந்தன்னிக்கு எப்படி இருந்துதோ அப்படியே திரும்பிடும்.”

“அதோட வைஃபைய அணைச்சு வெச்சிருந்தா?”

“தானா எரியும்.”

“அதே பழைய பேரோட? அதே பழைய பாஸ்வேர்டோட?”

“அடியில ஸ்டிக்கர்ல என்ன இருக்கோ அதோட.”

“வீட்டுக்காரர ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?”

“அவர எதுக்குக் கேக்கணும்? வீடுதான் மேடம் அவரோடது. பெட்டி எங்களோடது.”

அண்ணி அவனுக்கு நன்றி சொன்னார். மனதாரச் சொன்னார். அவன் அதைக் கிண்டல் என்று நினைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டான்.

வண்டியை எடுக்கும்போது சின்னவன் கேட்டான்: “அண்ணி, எனக்கு ஒண்ணும் புரியல. புரிஞ்ச மாதிரி மூஞ்ச வெச்சுக்கணுமா, புரியாத மாதிரியா?”

“உனக்கு ரெண்டும் ஒரே மூஞ்சிதான். கேளு. பெரியவர் வாசல் பூட்ட மாத்தினார். அவருக்குத் தெரியாமலே பழைய பூட்டு மறுபடி வந்து மாட்டிக்கிச்சு. இப்ப பழைய சாவி யார்கிட்ட இருக்கு?”

“யார்கிட்டயும் இல்ல. வீட்டுல இருந்த எல்லாரோட போன்லேருந்தும் அவரே அழிச்சுட்டாரே.”

“அதான்” என்றார் அண்ணி. “வீட்டுல இருந்தவங்க போன்லேருந்து.”

அவர்கள் திரும்பியபோது சூட்கேஸுக்குப் பக்கத்தில் புத்தகக் கட்டும் வந்திருந்தது.

“சாட்சி கெடச்சுதா?” என்றார் பெரியவர்.

“இங்கதான் இருக்கு. எல்லாரும் போன எடுத்து இந்த டீப்பாய் மேல வைங்க. சத்தம் முழுசா இருக்கட்டும்.”

பெரியவர் தன்னுடையதை வைத்தார். மகன் வைத்தான். மருமகள் தன் போனை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். மகள் மட்டும் சிரித்தாள்.

“என் போன் எதுக்கு? நான்தான் அந்த ரவுட்டரத் தொட்டதே இல்லையே.”

“அதனாலதான் கேக்கறேன். தொடாத போன் ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான் தொட்ட போன் தெரியும்.”

அந்தக் கணக்கு அவளுக்குப் பிடித்திருந்தது. தம்பி மனைவியின் போனுக்குப் பக்கத்திலேயே தன்னுடையதை வைத்தாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு.

அண்ணி நடைக்குப் போனார். வார்னிஷ் பலகையில் இருந்த ரவுட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பெரியவர் துள்ளி எழுந்தார்.

“அது என் ரவுட்டர்.”

“நீங்க சாட்சி கேட்டீங்க ஐயா. சாட்சி பேசணும்னா உங்க ரவுட்டர் கொஞ்ச நேரம் வாய மூடணும். இப்ப இந்த ஹால்ல டவரும் இல்ல, உங்க நெட்டும் இல்ல. எந்த போனுக்கும் எதுவும் வரக் கூடாது. சரிதான?”

“சரிதான்.”

“சின்னவனே, பால்கனிக்குப் போய் நாலு பேருக்கும் நெட்டு வழியா ஒரு மெசேஜ் அனுப்பு.”

சின்னவன் போனான். என்ன எழுதுவது என்று அண்ணி சொல்லவில்லை. அவனுக்குத் தோன்றியதை எழுதி நான்கு பேருக்கும் தட்டிவிட்டு, கதவருகே நின்று பார்த்தான். டீப்பாய்மேல் நான்கு போன்களும் கல்லாகக் கிடந்தன. மகன் முதல்முறையாக நகத்தை விட்டுத் தலையை நிமிர்த்தியிருந்தான்.

ஒரு போன் சிணுங்கியது. திரை ஒளிர்ந்தது.

பெரியவர் விரலை நீட்டினார். “பாத்தீங்களா? பாத்தீங்களா எல்லாரும்? அவளோடதுதான். என் மருமக போன்தான். நான் அப்பவே சொன்னேன்.”

மருமகள் கட்டிய கையைப் பிரித்தாள்.

“மாமா,” என்றாள் மெதுவாக, “அது அக்கா போன்.”

பெரியவர் குனிந்தார். இன்னும் குனிந்தார். முகத்தைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய், தலையைச் சாய்த்து இடது கண்ணால் பார்த்தார். ‘சாப்டாச்சா?’ என்று கேட்டிருந்தது, சின்னவனின் மெசேஜ். திரையின் ஓரத்தில் அவர் பேத்தி, மகளின் குழந்தை, ஒட்டிய நட்சத்திரம் இருந்தது.

அண்ணி அந்தப் போனை எடுத்து அவருக்குப் படித்துக் காட்டினார். “டவர் ஒரு கோடுகூட இல்ல. வைஃபை மட்டும் முழுசா இருக்கு. அதுல இருக்கற பேரு உங்க ஷூ அலமாரில கெடக்கற பெட்டியோட பேரு. கம்பெனிக்காரன் அங்கேருந்தே அத முழிக்க வெச்சுட்டான். நீங்க டேப் ஒட்டி வெச்சதால முழிச்சது யாருக்கும் தெரியல. நீங்க எல்லார் போன்லேருந்தும் அது பேர அழிச்சப்ப உங்க பொண்ணு கல்யாணமாகிப் போயிருந்தாங்க. அவங்க போனுக்கு மட்டும் பழைய வீடு ஞாபகம் இருந்தது. உள்ள கால வெச்சதும் தானா ஒட்டிக்கிச்சு. உங்க ரவுட்டர்ல அந்தப் பக்கம் பதிவாகலன்னா, எழுதினது உங்க ரவுட்டர் வழியா போகல. வேற வழி இது ஒண்ணுதான். இந்த வழில போற போனும் ஒண்ணுதான்.”

“பக்கத்து வீட்டுக்காரன் எவனாவது...” என்று தொடங்கினான் மகன். அவன் அன்று பேசிய முதல் வாக்கியம் அது.

“பக்கத்து வீட்டுக்காரனுக்கு உங்கப்பா கண்ணுல புரைன்னு எப்படித் தெரியும்?” என்றார் அண்ணி.

மகளின் முகத்தில் ரத்தமில்லை. “என் நெட்டுன்னுதான் நெனச்சேன்” என்றாள், தனக்குத்தானே பேசுகிறவளைப்போல. பிறகு தலையை நிமிர்த்தினாள். அப்பாவின் முதுகெலும்பு அவளுக்கும் இருந்தது. “ஆமா. நான்தான் எழுதினேன்.”

“ஏன்?” என்றார் பெரியவர்.

“அன்னிக்கு இதே சோபாலதான் உக்காந்திருந்தேன். அந்த ரூம்ல அவ உங்க கண்ணுல விளக்கடிச்சுக்கிட்டிருந்தா. ‘இது யாருக்கும் தெரிய வேணாம்மா, என் பொண்ணுக்குக்கூட’ன்னு சொன்னீங்க. கதவு சாத்தலப்பா. எனக்குக் கேட்டுச்சு. பொண்ணுக்குக்கூட. வந்து வருஷம் திரும்பாதவளுக்குத் தெரியலாம். ரவுட்டரும் அவளுக்குத்தான் மொதல்ல. கண்ணும் அவகிட்டதான் மொதல்ல.”

“அதுக்காக என்ன ஊர் சிரிக்க வெப்பியா?”

“சிரிக்கட்டும்னுதான் எழுதினேன். ஆனா அவ மேல பழி போடுங்கன்னு நான் சொல்லல. நீங்களா போட்டீங்க. யாருன்னு ஒருத்தரக் கேக்கல. என்னக்கூடக் கேக்கல. கேட்டிருந்தா உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன்.”

“அவர் என்ன வாசல்ல நிக்க வெச்சுக் கேட்டப்ப நீங்க பக்கத்துலதான் நின்னீங்க அக்கா” என்றாள் மருமகள். “அப்ப வாய் எங்க போச்சு?”

மகள் அண்ணியின் கையிலிருந்த தன் போனை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

தெருவில் கார் ஒன்று வந்து நின்றது. சம்பந்திகள்.

மகன் அவசரமாக, “அப்பா, அவங்கள மேல கூப்பிட்டு உக்கார வெச்சுப் பதமா பேசிக்கலாம். பூசி மெழுகிடலாம். தெருவுல வேணாம்” என்றான்.

பெரியவர் மகனைப் பார்த்த பார்வையில் அவன் மறுபடியும் நகத்துக்குப் போய்விட்டான்.

“பழி சொன்னது வாசல்ல. உள்ள கூப்பிட்டு ரகசியமா திருப்பி எடுத்துக்க நான் திருடன் இல்ல.”

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கினார். ஒவ்வொரு படியையும் கால் தடவிப் பார்த்துத்தான் இறங்கியதைச் சின்னவன் அப்போதுதான் கவனித்தான். இவ்வளவு நேரம் அதைக் கம்பீரம் என்று நினைத்திருந்தான்.

பால்கனியிலிருந்து எல்லாம் தெரிந்தது. சம்பந்தி காரிலிருந்து இறங்கும்போதே எரிந்துகொண்டிருந்தார். “எங்க பொண்ணு என்ன செஞ்சான்னு எங்கள இப்படி வரச் சொன்னீங்க?”

“ஒண்ணும் செய்யல.” பெரியவர் குரலைத் தணிக்கவில்லை. கடைக்குள் இருந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிர் தையற்கடையில் மிஷின் நின்றது. “நேத்து இதே எடத்துல உங்க பொண்ணு மேல நான் சொன்னது பொய். எழுதினது என் பொண்ணு. அவ எழுதினது பொய்யில்ல. என் வலது கண்ணுல புரை. மறைச்சது நான்.”

சம்பந்திக்குத் தான் கொண்டுவந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. அதற்குள் மருமகள் சூட்கேஸோடு கீழே வந்துவிட்டாள்.

“பெட்டிய மேல எடுத்துட்டுப் போம்மா” என்றார் பெரியவர். கட்டளைபோல வந்தது, அவருக்கு வேறு குரல் தெரியாது.

“கட்டச் சொன்னது நீங்க. பிரிக்கறது எப்பன்னு நான்தான் சொல்லணும் மாமா.” அவள் காரின் டிக்கியைத் திறந்தாள். “உங்க கண்ணுக்கு ஆஸ்பத்திரில சொல்லி வெச்சிருக்கேன். போங்க. கூட வர நான் இருக்க மாட்டேன்.” பிறகு பின்னால் தயங்கி நின்ற கணவனைப் பார்த்தாள். “நீங்க வரீங்களா? இல்ல அதுக்கும் அப்பா கையால அடிச்சுக் குடுக்கணுமா?”

மகன் அப்பாவைப் பார்த்தான். சூட்கேஸைப் பார்த்தான். அதைத் தூக்கி டிக்கியில் வைத்து மூடிவிட்டு, யாரையும் கேட்காமல் காரில் ஏறிக்கொண்டான்.

பெரியவர் மாடியேறினார். எதிரே மகள் இறங்கினாள். குறுகலான படி. இருவரில் யாரும் ஒதுங்கவில்லை. தோள் உரசியபடி கடந்து போனார்கள்.

ஹாலில் அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். பெரியவர் அவரைக் கடந்து நடைக்குப் போனார். ஷூ அலமாரியின் முன்னால், அந்த வயதில், முட்டி மடக்கித் தரையில் உட்கார்ந்தார். கம்பெனிப் பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். நகத்தால் சுரண்டி, கறுப்பு டேப்பை ஒவ்வொன்றாக உரித்தார். உரித்த துண்டுகள் அவர் விரலிலேயே ஒட்டிக்கொண்டன.

பெட்டியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த நிமிர்ந்த முதுகு முதல்முறையாகச் சுவரில் சாய்ந்தது.

“தம்பி,” என்று சின்னவனைக் கூப்பிட்டார். “இதுல எது எரியுது?”

சின்னவனுக்கு நாக்கின் நுனியில் எப்போதும்போல ஒரு பதில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு அவர் பக்கத்தில் குனிந்து பார்த்தான்.

“எல்லாமே எரியுதுங்க ஐயா” என்றான்.